சூடு தெரியாத கால்

கங்கு உடம்பில் படக் கூடாது. நான் செய்தது சூடு போடுவது இல்லை, சூடு காட்டுவது. எங்கள் தெருவில் இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றியது.

சின்ன வயதில் பினாங்கில் இருந்தோம். அடுத்த வீட்டுச் சீனத்தி காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்ற வைத்துத் தன் முழங்காலுக்குக் காட்டுவாள். பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டேன். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகு, பூக்கடையில் மாலைக்குச் சேர்த்துக் கட்டுகிற மாசிப்பத்திரியை ஒரு நாள் கசக்கி மோந்தேன். கிட்டத்தட்ட அதே வாசனை. அன்றிலிருந்து அதை வாங்கி நிழலில் உலர்த்துவேன். காம்பு போகச் சலித்து, பஞ்சு மாதிரி ஆகும்வரை உள்ளங்கையில் தேய்த்து, காகிதத்தில் இறுக்கிச் சுருட்டி வைப்பேன். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் இந்தக் காரியத்தில் என் கை தப்பாது என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

நுனியை ஊதிக் கங்காக்கி, வலிக்கிற இடத்துக்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும். மற்றக் கையின் இரண்டு விரலை அந்த இடத்துக்கு இருபுறமும் தோலோடு வைத்துக்கொள்ள வேண்டும். நோவுக்காரர் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. நம் விரலுக்குச் சுட்டால் அவருக்கும் சுடும். தோல் லேசாகச் சிவந்து வெதுவெதுத்தால் போதும். எண்ணெய் தேய்த்த உடம்புக்கு ஆகாது, பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஆகாது. சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், முடிந்ததும் மணல் சட்டியில் குத்தி அணைக்க வேண்டும்.

இங்கே சனங்களுக்குப் பழகியது கம்பியைப் பழுக்கக் காய்ச்சி இழுக்கிற சூடுதான். குத்துக்கல்வலசையிலிருந்து வாக்கப்பட்டு வந்த எதிர்வீட்டுக்காரி, கை மூட்டைக் காட்ட வந்தவள், என்னைக் கேலி செய்தாள்.

"புண்ணாவாத சூடு என்ன சூடு மதினி? அப்பளத்துக்கு வெயில் காட்டுத மாதிரில்லா காட்டுதிய."

"புண்ணு வேணும்னா அடுப்புல போயி உக்காரு," என்றேன். மறு வாரமும் வந்தாள்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிக்கும் குற்றாலத்துக்குமாக நாள் முழுக்க நடை இருக்கும். அந்த வருசம் சாரல் விழுந்ததுமே வலது கால் குளிர்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். பிரேக் மிதிக்கிற கால். ஈரத்தில் கிடந்த குளிர்ச்சி என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அடுத்த நடைக்கு முன்னால் சூடு காட்டச் சொன்னார். முக்காலியில் காலை நீட்டினார்.

"தெரியுதா?"

"ம். லேசா. இன்னும் பக்கத்துல கொண்டா."

கொண்டுபோனேன். என் விரல் சுட்டது. "இப்ப?"

"கங்கு செத்துப்போச்சாட்டி? சூடே வரலியே."

வெடுக்கென்று கையை எடுத்தேன். கங்கு சாகவில்லை. என் விரலும் சிவந்திருந்தது, அவர் பாதமும் சிவந்திருந்தது. இலைச் சுருட்டை மணலில் குத்திவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்து வந்தேன்.

"அண்ணாந்து கூரையப் பாருங்க. எந்த விரல்ல குத்துதேன்னு சொல்லுங்க."

"சுண்டு விரலு."

நான் இன்னும் குத்தவே இல்லை. பிறகு பெருவிரலில் அழுத்தினேன். "குத்தேம்ட்டி, எம்புட்டு நேரம்," என்றார் கூரையைப் பார்த்தபடி.

ஈர்க்கைக் கீழே போட்டேன். "அப்ப பிரேக்க எப்படி மிதிக்கிய?"

காலை முக்காலியிலிருந்து இறக்கினார். "குனிஞ்சு பாத்துக்கிடுவேன்."

"ரோட்டையா, காலையா?"

"ரெண்டையுந்தான்."

வழுக்குகிற ரோடு. வண்டி கொள்ளாத சனம், பிள்ளைகுட்டிகள். "இன்னைக்கு நீங்க வண்டி எடுக்க வேண்டாம்," என்றேன்.

"சீசன்ல எறங்குனா பொறவு எவன் ஏத்துவான்? வாய மூடிக்கிட்டுக் கெட."

அதற்குள் கண்டக்டர் வாசலுக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி, வண்டி நெறஞ்சுட்டு. சனம் சத்தம் போடுது."

நான் வாசலை மறித்து நின்றேன். "அவுகளுக்குக் கால்ல உணர்வு இல்ல. வேற ஆள வச்சு எடுக்கச் சொல்லுங்க."

இன்னொரு ஆம்பிளைக்கு முன்னால் நான் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப்போனது. "சீனத்தி வைத்தியம் பாத்து இவளுக்கு மூள கொழம்பிட்டு. நீ வாடே." கண்டக்டர் எந்தப் பக்கம் சிரிப்பதென்று தெரியாமல் நின்றார்.

இவர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னை ஒதுக்கிவிட்டுத் தெருவில் இறங்கினார். வலது செருப்பு கழன்று வாசல்படியிலேயே கிடந்தது. வெறுங்கால் சகதிக்குள் போய்ப் போய் வருகிறது, அவருக்குத் தெரியவில்லை. நான் கூப்பிடவில்லை. கண்டக்டரும் அந்தச் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி," என்றார் மெதுவாக. "செருப்பு."

இவர் குனிந்து பார்த்தார். சாரல் சட்டையை நனைக்க அப்படியே நின்றார். பிறகு, "காய்ச்சல்னு சொல்லிரு முதலாளிகிட்ட," என்றார்.

"இன்னைக்குச் சொல்லிருவேன். நாளைக்கு என்ன சொல்லச் சொல்லுதிய?" என்றார் கண்டக்டர்.

தூரத்தில் வேறு ஏதோ வண்டி ஆரன் அடித்தது. "உள்ளதச் சொல்லு," என்று இவர் உள்ளே திரும்பினார். கண்டக்டர் மாற்று டிரைவரைத் தேடி ஓடினார்.

முக்காலியில் காலை நீட்டி, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "எங்கயும் கிழிச்சிருக்கான்னு பாரு."

சகதியைக் கழுவிப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் ஒரு புண், காய்ந்து ஓரம் கறுத்திருந்தது. எப்போது ஆனதென்று அவருக்கும் தெரியாது. அந்தக் காலுக்கு அதற்கப்புறம் நான் நெருப்பைக் காட்டவில்லை. மறுநாள் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிளம்பும்போது வலது செருப்பைக் கணுக்காலோடு சேர்த்து ஒரு துணி நாடாவால் கட்டிவிட்டேன். தெருவே பார்த்தது. அவர் அந்த நாடாவோடேயே தெருவில் நடந்தார்.