மீன் மாதிரி ஒரு வாழைக்காய்

யோகோஹாமாவில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பது சாமி படமல்ல, பள்ளிக்கூடத்து மெனு. மாதம் பிறக்கும் முன்பே வந்துவிடும். எந்த நாளில் என்ன சோறு, என்ன சூப், அதில் உடம்பு வளர எது, தெம்புக்கு எது, நோய் அண்டாமலிருக்க எது என்று சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் தாரணிக்காக அதைத் தினமும் செல்போன் காமிராவில் காட்டி, மொழிபெயர்த்துப் படிக்கிறேன். பஞ்சாங்கத்தைக்கூட நான் இவ்வளவு பக்தியாகப் பார்த்ததில்லை. இங்கே பள்ளிச் சாப்பாட்டுக்கு கியூஷோகு என்று பெயர். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. சிப்ஸ், சாக்லேட் வாசல் தாண்டாது. வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகளே பரிமாறுகிறார்கள், கீரையையும் கேரட்டையும் முகம் சுளிக்காமல் தின்கிறார்கள். பாகற்காயைக் கண்டால் பின்வாசல் வழியாக ஓடிய எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது.

சிக்கல் எங்களிடம். கறி, மீன், முட்டை எதுவும் தொடாத குடும்பம். பள்ளியின் உணவு ஆசிரியையிடம் போய் விவரம் சொன்னேன். "சூப்பில் மீன் இல்லையே, மீன் கொதித்த தண்ணீர் மட்டும்தானே" என்றார் ஆறுதலாக. தண்ணீரும் ஆகாது, தனியாகச் சமைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். தலையைச் சாய்த்து, "கொஞ்சம் கஷ்டமாக இருக்குமே" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் ஊர் ஆரணியில் எந்த ஆபீஸிலும் "கஷ்டம் சார்" என்றால் இன்னும் பேச இடமிருக்கிறது என்று அர்த்தம். குனிந்து குனிந்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் தாரணிக்குக் கிடைத்தது வெறும் சோறும் பாலும். இந்த ஊரில் அந்த வார்த்தை சொல்லப்பட்டால் கதவு சாத்தப்பட்டாயிற்று என்று பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, அவளுக்கு மட்டும் வீட்டுச் சாப்பாடு கொண்டுவர அனுமதி தந்தார்கள்.

புளிசாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக் கொடுத்தேன். டப்பா பாதி அப்படியே திரும்பி வந்தது. "எல்லாரும் என் டப்பாவையே பாக்கறாங்கப்பா. எனக்கும் அவங்க மாதிரியே வேணும்" என்று அழுதாள். பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்கு அன்று வேலையே ஓடவில்லை.

அவங்க மாதிரியே. அதைக் கேட்டதும் எனக்குள் இருந்த ஆரணிக்காரன் விழித்துக்கொண்டான். எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தறியில் புது பார்டர் இறங்கினால், அடுத்த முகூர்த்தத்துக்குள் தெரு முழுக்க அதே பார்டர்தான். கல்யாணத்துக்குப் போனால் அப்பா மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, பெண்ணின் முந்தானையை விடமாட்டார். எங்கள் தறியில் இறக்குவதற்காகப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே விரல்விட்டுக் கட்டம் எண்ணுவார், அம்மா பல்லைக் கடிப்பாள். அந்த ரத்தம் சும்மா இருக்குமா? மெனுவில் மீன் இருந்த நாளில் வாழைக்காயை நீளவாக்கில் சீவி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தேன். பொரித்த மீன் தயார். சோயா உருண்டையை மசித்துத் தட்டினால், ஹம்பாகு என்று இங்கே சொல்கிற கறி வடை. பறங்கிக்காய்க்கு மட்டும் வேஷம் தேவையில்லை, அது இங்கேயும் பறங்கிக்காய்தான். டப்பா காலியாக வரத் தொடங்கியது. எது பள்ளிக்கூடத்துத் தட்டு என்று வகுப்பு டீச்சரே ஒருநாள் குழம்பிப்போனாராம். பட்டுக்குப் பரிசு வாங்கினவனைப் போல நடந்தேன். காலையில் ரயிலுக்கு ஓடுகிற என் மனைவிதான் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள், "நீங்க கொழந்தைக்கு சாப்பாடு கட்டறீங்களா, வேஷம் கட்டறீங்களா?" பிள்ளை சாப்பிடுகிறதே, அது போதாதா என்றேன்.

ஜப்பானில் ஆகஸ்டில்தான் பெரிய விடுமுறை. அப்போது நம் ஊரில் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும். ஆரணியிலிருந்து போளூர் போகிற வழியில் ஒரு அரசுப் பள்ளியில் என் அக்கா சத்துணவு அமைப்பாளர். இந்தமுறை போனபோது தலைமை ஆசிரியையிடம் கேட்டு, தாரணியை ஒருநாள் பிள்ளைகளோடு சாப்பிட உட்காரவைத்தாள். ஒரே அண்டா, ஒரே கரண்டி. பக்கத்துப் பிள்ளைக்கு விழுந்த அதே தக்காளி சாதம் என் மகள் தட்டிலும் விழுந்தது. இத்தனை நாள் சீவியும் பொரித்தும் நான் கொடுக்கப் பார்த்தது இங்கே சும்மா கிடைக்கிறதே என்று வாசலில் நின்று பூரித்துப்போனேன்.

அப்புறம் முட்டை வந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம், அதுதான் அங்கே விதி. தாரணிக்குப் பழம். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த குட்டிப் பெண் தன் பழத்தைத் தூக்கிக் காட்டி, "எனுக்கும் பழந்தான். எங்க வூட்ல முட்ட துன்ன மாட்டோம்" என்றாள். சொல்லிவிட்டு இரண்டே வாயில் முழுங்கினாள். யாரும் யார் தட்டையும் பார்க்கவில்லை.

"இன்னாடா, உம் பொண்ணு பழத்த பாத்துகினே உக்காந்துகினு கீது?" என்றாள் அக்கா.

பக்கத்தில் போய்க் குந்தினேன். தாரணி என் காதருகே வந்து, யாருக்கும் புரியக்கூடாதென்று ஜப்பானிய மொழியில் கேட்டாள்: "அப்பா, இதை முட்டை மாதிரி ஆக்க முடியுமா?"

இது நம்ம ஊரும்மா, இங்கே அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் விரல்கள் பழத்தை உரித்து, இரண்டு முனையையும் கிள்ளிப் போட்டுவிட்டு, ஓரத்தை வழுவழுப்பாகத் தேய்த்துக்கொண்டிருந்தன.