கண்ணை மூடிக்கொண்டு பிணைத்த பாவு

ஆரணியில் ஒரு கண் கிளினிக்கில் இருபது வருடம் ஆப்தால்மிக் அசிஸ்டென்டாக, அதாவது கண் டாக்டருக்கு உதவியாளராக இருந்தேன். போனில் யார் என்ன கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் நன்றாகச் சூடு விழுந்தது.

அமுதா, தறிக்காரர் வீட்டுப் பெண். கெரடோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைத்துக்கொண்டே போகும் நோய். சென்னையில் வலது கண்ணுக்கு கிராஸ் லிங்கிங் செய்து, தொடர்ந்து பார்க்கச் சொல்லி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி, சொட்டு மருந்து விட்டு, புற ஊதா ஒளியால் அதைக் கெட்டிப்படுத்தும் சிகிச்சை. தோல் மறுபடி வளரும்வரை புண்ணை மூடிக்காக்க, கண்ணில் பேண்டேஜ் லென்ஸ் போட்டிருக்கும்.

"கண்ணுக்கு வேலை குடுக்காதம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

சிகிச்சை முடிந்த நாலாம் நாள் அவள் கணவர் கோபி போன் செய்தார்.

"சார், ரொம்ப மங்கலா கீதுன்றா."

"கொஞ்ச நாளைக்கு அப்படித்தாங்க இருக்கும். பேஜாராவாதீங்க" என்று வைத்துவிட்டேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. மடத்தனம்.

அரைமணியில் மொபெட்டில் அவளை உட்காரவைத்து அழைத்து வந்துவிட்டார். எனக்குக் கோபம்.

"இப்பதானே சொன்னேன்?"

"சொன்னீங்க சார். கொறைஞ்ச வலி நேத்துலேர்ந்து ஏறிகினே போவுது. வெளிச்சம் பட்டாலே அழுவுறா. மங்கலுக்கு யாரு சார் அழுவுவாங்க?"

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தேன். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி, சீழ். ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் உடனே லென்ஸை எடுத்து, மணிக்கொரு தரம் மருந்து ஆரம்பித்தார். "நாளைக்கு வந்திருந்தா பார்வையே போயிருக்கும்" என்றார்.

அமுதாவின் விரல் நுனிகளில் சாம்பல்.

"கண்ணுக்கு வேலையே குடுக்கல சார். கண்ண மூடிகினுதான் பாவு பிணைச்சேன்."

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு இழையோடு புது இழையை, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கும் வேலை. ஆயிரக்கணக்கான இழை. அவள் விரலுக்குக் கண்ணே தேவையில்லை. கழுவாமல் அதே கையால்தான் சொட்டு மருந்தும் விட்டிருக்கிறாள். நான் சொன்னபடி அப்படியே நடந்திருந்தாள், பாவம்.

புண் ஆறியது. தழும்பு ஓரத்தில் நின்றதால் பார்வை தப்பியது. மங்கல் தெளியச் சில மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு யார் வந்தாலும், கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். போனில் மங்கல் என்றால், வலி உண்டா என்று கேட்காமல் வைக்கமாட்டேன்.

கடைத்தெருவில் பார்த்தால் அமுதா, "சார் புண்ணியத்துல கண்ணு பொழைச்சுது" என்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தக் கண் போயிருக்கும். கேட்காமல் வண்டியை எடுத்த கோபிக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.