வேட்டி முனையில் ஒரு சிவப்பு

எங்கள் குடும்பத்தில் புதுத்துணியை யாரும் அப்படியே உடுத்துவதில்லை. ஒரு முனையில் மஞ்சளைத் தடவி, சாமி முன்னால் வைத்து எடுத்த பிறகுதான் கட்டிக்கொள்வார்கள். தலைதீபாவளிக்கு வந்த மருமகனுக்காகப் பாண்டி பஜாரில் வாங்கிய வெள்ளை வேட்டிக்கும் என் அக்கா அப்படித்தான் செய்தாள். அவள் குழைத்த மஞ்சள், அவள் கட்டைவிரலால் வைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து நடந்த விவகாரத்தில் இந்த மஞ்சள் அந்த வீட்டில் யார் நினைவிலும் இல்லை.

பண்டிகை முடிந்து நான் மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குப் போனபோது, அக்கா வீட்டுப் பால்கனியில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. கொடியில் வேட்டி ஈரமாகத் தொங்கியது. முனையில் செங்கல் நிறத்தில் ஒரு கறை. அதைத் துவைத்த பெண் எதிரே நின்றாள். சைதாப்பேட்டையிலிருந்து வருபவள், அந்த அடுக்ககத்தில் அக்கா வீட்டிலும் கீழ்வீட்டிலும் வேலை செய்கிறாள்.

"உன் சேப்புப் பொடவைய இதோட ஊறப்போட்டிருக்க," என்றாள் அக்கா. "மழையில நனைஞ்சு வந்த அன்னிக்கு இங்கயே அலசிக்கோன்னு நான்தான் சொன்னேன். அதையே பழக்கமாக்கிட்ட."

"அது அன்னைக்கு ஒரு நாளுமா. இன்னைக்கு நான் கட்டிக்கினு கீறதே பச்சை. சேப்பு எங்கர்ந்து வரும்?"

"அப்ப தானா வந்துச்சா?"

மாமா, அதாவது அக்காவின் கணவர், பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முனையைத் தூக்கிப் பார்த்தார். "சாயம் எறங்கியிருக்கு. வெறும் இயற்பியல் மாற்றம். புதுசா எந்தப் பொருளும் உருவாகல. ஒரு துணியில இருந்தது இன்னொண்ணுக்கு வந்திருக்கு, அவ்வளவுதான்."

வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. பால்கனியில் அது தீர்ப்பாக மாறியது. வேறொரு துணியிலிருந்து வந்தது என்றால், அந்தத் துணியைப் போட்டவள் ஒருத்தி இருக்க வேண்டும். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அக்கா சொன்னாள். அதோடு விடவில்லை. தன் துணியையும் நம் துணியோடு போட்டுத் துவைக்கிறாள், எல்லோரும் கவனமாக இருங்கள் என்று அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். அந்தப் பெண் செருப்பை மாட்டுவதற்குள் கீழ்வீட்டிலிருந்து அவளுக்குப் போன் வந்துவிட்டது. அங்கேயும் வேண்டாமாம்.

அவள் படியிறங்கிப் போனாள். நான் கறையைப் பார்த்தேன். ஆட்கள் சொல்வதை எழுதிக்கொள்ளும் முன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது நான் செய்தி எழுதிய காலத்துப் பழக்கம். சாயம் ஒட்டினால் துணி பட்ட இடமெல்லாம் திட்டுத்திட்டாக ஒட்டும், மடிப்புகளில் வரியாக ஓடும். இது ஒரே இடத்தில், ஒரு கட்டைவிரல் அகலத்தில் இருந்தது.

"மஞ்சள் வச்ச முனை எது, அக்கா?"

"பேப்பர்காரி வந்துட்டா. இனிமே குறுக்கு விசாரணைதான்," என்றாள் அக்கா. முனையை மட்டும் சொல்லவில்லை.

சமையலறையிலிருந்து மஞ்சள் தூளை எடுத்து என் வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தேன். வாளியில் மிச்சமிருந்த சோப்புத் தண்ணீரில் நனைத்தேன். நனைந்த உடனே சிவந்தது. அதே செங்கல் நிறம். பிறகு வேட்டி முனையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சிவப்பு போய், அக்கா வைத்த மஞ்சள் தெரிந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது அப்போதுதான். அதே தீபாவளிக்கு, அதே வீட்டு வாசலில், மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து ஆரத்தி கரைத்துத்தான் மருமகனை உள்ளே அழைத்தார்கள். மஞ்சள் தண்ணீர் தாம்பாளத்தில் சிவந்தபோது, யார் புடவையிலிருந்து சாயம் இறங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. சோப்பிலும் இருப்பது சுண்ணாம்பைப் போன்ற காரம்தான். மஞ்சளில் அது பட்டால் நிறம் தருகிற பொருளே வேறாகிவிடும். வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. அந்த வேட்டியில் இருந்தது அக்காவின் மஞ்சளும் அக்கா வாங்கிய சோப்புத் தூளும் மட்டுமே.

மாமா கைக்குட்டையையும் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "திரும்ப மஞ்சளாயிடுச்சே. பழைய நிலைக்குத் திரும்பினா அது இயற்பியல் மாற்றம். நான் சொன்னது சரிதானே?"

"திரும்பி வர்ற வேதியியல் மாற்றமே கிடையாதா மாமா?"

"பாடத்துல பொதுவா அப்படித்தான்."

"பாடம் கிடக்கட்டும். அவ பொடவை இதுல இருந்துச்சா, இல்லையா?"

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார். "சின்ன விஷயம். ஊதிப் பெருசாக்காத."

சின்ன விஷயம்தான், வேலை போனது அவருக்கு இல்லை என்பதால்.

பத்திரிகையில் தப்பாக ஒருவர் பெயரைக் கெடுத்துவிட்டால் மறுநாள் திருத்தம் போடுவோம். எது தப்பு, எது சரி என்று இரண்டையும் சொல்ல வேண்டும். குழுவிலும் அப்படியே போடு என்றேன் அக்காவிடம். அவள் போனை எடுத்தாள். முதல் செய்தியை அழித்துவிட்டு, 'வேட்டிக் கறை போய்விட்டது, நன்றி' என்று போட்டாள். கீழே கும்பிடும் கை ஒன்று.

"அவள வரச் சொல்லு," என்றாள் என்னிடம். தானே கூப்பிட அவளுக்குக் கூச்சம்.

நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பின்னால் பஸ் இரைச்சல். முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"கறை போச்சின்னு போட்டாங்களா?"

"ஆமா."

"நான் பொடவை போடலன்னு போட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப கீழ்வூட்டுக்கு எப்டிமா போவேன்? அத மொதல்ல போடச் சொல்லுங்க. அப்பால வரேன்."

போனை வைத்துவிட்டு அதையே அக்காவிடம் சொன்னேன். "அவளுக்கு எவ்வளவு ரோஷம் பாரு," என்றாள். வேட்டியை எடுத்து மடித்தாள். அந்த முனையை உள்பக்கமாக வைத்து மடித்தாள்.