ரீச்சர் எழுதித் தந்த கருத்து

எங்கள் பள்ளிக்கூடத்தில் போதைப்பொருள் தடுப்பு நாள் என்றால் ‘மாணவர் கருத்து’ என்று ஒரு நிகழ்ச்சி கட்டாயம் இருக்கும். கருத்தை ரீச்சர் எழுதித் தருவார். பாடமாக்கி ஒப்புவிப்பது மட்டும்தான் மாணவர் வேலை. ஆறாம் வகுப்பில் அந்தப் பெருமை எனக்குக் கிடைத்தது.

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஐயா புகையிலை காயவிடும் கொட்டிலில் நின்றுதான் பாடமாக்கினேன். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். போதை நாட்டைக் கெடுக்கும் என்று புகையிலைக்கு நடுவில் முழங்கியது அப்போது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணை வந்து பக்கத்தில் நின்றார். அந்த நாட்களில் அவர் மெலிந்துபோய், யாரோடும் கதைக்காமல் இருந்தார். சோதனைப் பயம் என்று அம்மா சொல்வா.

“உது உன்ரை கருத்தோ?” என்று கேட்டார்.

“ரீச்சர் எழுதித் தந்தவ,” என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

விழாவில் ஓரிடத்திலும் தடக்காமல் பேசி முடித்தேன். வந்திருந்த அதிகாரி மகிழ்ச்சி தாங்காமல், வேறு யாருக்காவது சொந்தக் கருத்து உண்டா என்று கேட்டுவிட்டார். அப்படி ஒருவரும் கேட்பதில்லை. பின்வரிசையில் அண்ணை எழும்பினார்.

“சேர், தொடாதேங்கோ எண்டு சொல்லுறியள். ஏற்கெனவே தொட்ட ஒருத்தன் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? சொன்னா அவனைப் பள்ளிக்கூடத்திலை வைச்சிருப்பியளோ?”

அதிகாரி பள்ளிக்கூட அதிபரைப் பார்த்தார்.

“நல்ல கேள்வி. தம்பியின்ரை பேர் என்ன?” என்று கேட்டார் அதிகாரி.

மறுநாள் அண்ணையின் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் மற்றப் பிள்ளைகளின் நன்மைக்காக, இனிச் சாதாரணதரச் சோதனைக்கு மட்டும் வந்தால் போதும் என்று ஐயாவைக் கூப்பிட்டு அதிபர் வெகு மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

“புகையிலை வித்துத்தான் உங்களைப் படிப்பிக்கிறன். என்ரை வீட்டிலை ஒருத்தரும் ஒரு சுருட்டும் பத்தினதில்லை,” என்றார் ஐயா. “சனத்துக்கு முன்னாலை உந்தக் கேள்வி உனக்கு என்னத்துக்கு?”

ஐயா அண்ணையிடம் திருப்பிக் கேட்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்று பயந்திருப்பார்.

எனக்கோ கோபம். பேசியதற்குப் பரிசாகக் கிடைத்த கிண்ணத்தை வீட்டில் ஒருவரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அண்ணை சோதனைக்குப் போகவில்லை. அடுத்த புகையிலை வெட்டுக்கு முன்பே அந்தப் போதைப் பழக்கம் அவர் உயிரைக் கொண்டுபோய்விட்டது.

அண்ணை மண்டபத்தில் கேட்டது தனக்குப் போக ஓர் இடம் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. கொட்டிலுக்கும் அதைக் கேட்கத்தான் வந்திருப்பார். அப்போது நான் மறுபடியும் முதலிலிருந்து ஒப்புவிக்கத் தொடங்கியிருந்தேன்.