ஐப்பசியில் முட்டை கிடையாது

கோழி முட்டையிடுவதும் காலையில் பால் பாக்கெட் வாசலில் விழுவதும் ஒரே மாதிரி ஏற்பாடு என்றுதான் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை நம்பிக்கொண்டிருந்தேன். படித்த முட்டாள் என்பாள் மனைவி. ‘படித்த’ என்பதை மரியாதைக்காகச் சேர்க்கிறாள்.

பிள்ளைகள் இருவரும் வெளியூரில். கோச்சடை வீட்டின் பின்பக்கம் நான்கு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் வாங்கி விட்டோம். அந்த மாசியில், போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்த என் தங்கை மகளிடம், தினம் ஒரு பச்சை முட்டை என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். வைகைக் கரையில் ஓடி முடித்து வேர்க்க விறுவிறுக்க வருவாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடிப்பாள். பிறகு உட்கார்ந்து கொஞ்ச நேரம் என்னைக் கிண்டல் செய்வாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக என் மனைவி விடியுமுன்பே வாசல் தெளித்துக் காத்திருப்பாள். நான் காத்திருந்ததில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

சித்திரை வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன, முட்டை குறைந்தது. நிழலில் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்துச் சமாளித்தேன். ஐப்பசி மழை பிடித்ததும் அடியோடு நின்றுபோனது. பொழுது சுருங்கி வெளிச்சம் குறைந்தால் கோழி பழைய இறகை உதிர்த்துவிட்டு முட்டைக்கு லீவு விட்டுவிடுமாம். கழுத்தெல்லாம் மொட்டையாக அவை மூலையில் ஒடுங்கியிருந்ததைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எனக்கோ வேறு கவலை. முட்டை இல்லையென்றால் அவள் எதற்கு வரப்போகிறாள்?

வெளிச்சம்தானே குறை என்று கூண்டில் ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். கோழிகள் மசியவில்லை. சேவல்தான் ஏமாந்து, டிவியில் சீரியல் ஓடும் நேரத்தில் கூவ ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “அண்ணே, உங்க சேவலுக்கு மணி பாக்கத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பல்பைக் கழற்றினேன்.

அடுத்த வழி, கடை. நாட்டுக்கோழி முட்டை வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் ஒளித்துவைத்து, தினமும் அவள் வருவதற்குள் ஒன்றைக் கூண்டு வைக்கோலில் வைத்தேன். சில்லிப்பு தெரியக்கூடாதே என்று முதலில் அக்குளில் இடுக்கிச் சூடாக்குவேன். அதைப் பார்த்த மனைவி, “அடைக்கு உக்காரப் போறீகளாக்கும்?” என்றாள். சிரித்தாளே தவிர காட்டிக்கொடுக்கவில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலையில் தங்கை மகள் தானே முட்டை எடுக்கக் கூண்டுப் பக்கம் போனாள். முட்டையைப் பார்த்தாள், கோழிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இதுகளா மாமா இம்புட்டு நாளும் முட்டை போட்டுச்சு?”

ஒப்புக்கொண்டேன். தை பிறந்து பொழுது நீண்டால்தான் இனி முட்டை என்றேன். கடை முட்டைதான் என்றால் அது அவர்கள் தெருவிலேயே கிடைக்கும், அதற்காக இவ்வளவு தூரம் வந்து அலைய வேண்டாம் என்றும் பெரிய மனுஷன் மாதிரி சொல்லி வைத்தேன். குரல் கொஞ்சம் கம்மியது. மழைக்காலம், சளி. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அவள் ஷூவைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நாளையிலருந்து இட்லி வைங்க.”