சாமி காலடியில் இருந்த கேபிள்

கொல்கத்தா துறைமுகப் பகுதியான கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று விஸ்வகர்மா பூஜை, நம்ம ஆயுத பூஜை மாதிரி கருவிகளுக்குச் செய்வது. சீட்டில் இருந்தபடியே இன்டர்நெட்டுக்குக் காவலாக இருக்கும் ஃபயர்வால் பெட்டியில் ஒரு விதியை மாற்றினேன். அடுத்த நொடி ஆபீஸ் முழுக்க இன்டர்நெட் நின்றது. ஃபயர்வால் என்னையும் உள்ளே விடவில்லை. அரை மணியில் சரக்குப் பட்டியல் கஸ்டம்ஸுக்குப் போயாக வேண்டும். லேப்டாப்பிலிருந்து அந்தப் பெட்டிக்கு கன்சோல் கேபிளை நேராகச் செருகினால்தான் வழி. அதைக் காலையில் நானே குங்குமமிட்டு சாமி காலடியில் வைத்திருந்தேன்.

"பூஜையில வச்ச கருவியை இன்னிக்குத் தொடக் கூடாது" என்றார் ஹெட் கிளார்க் மண்டல்தா. என் முகத்தைப் பார்த்தவர், அவரே கேபிளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். குங்குமம் ஒட்டிய விரல்களால் அதைச் செருகி விதியை நீக்கினேன். பட்டியல் போனபோது நான்கு நிமிடம்தான் மிச்சம்.

இப்போதெல்லாம் கேபிளைச் செருகிய பிறகுதான் விதியில் கை வைக்கிறேன். பூஜைக்கு ஸ்க்ரூடிரைவர் போதும்.