பொழிமுகத்தில் ஒரு தென்னை

ஆற்றில் ஓடுகிற படகைக் கரையில் நின்று அடக்குவதுதான் என் உத்தியோகம். சொன்னால் கேட்காதவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதற்காகச் சம்பளம் வாங்கும் சக உத்தியோகஸ்தர்களே, உங்களுக்கு என் வேதனை புரியும்.

ஏறிப்போக ஒரு படகு

தொண்ணூறுகளின் கடைசியில், மலையாளம் பேசும் ஊரான பூவாறில் டூரிஸ்ட் படகுகள் பெருகியபோது, லைசென்ஸ் பார்க்கவும், படகை எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று சொல்லவும் என்னைப் போட்டார்கள். வலியசாலையிலிருந்து பஸ் பிடித்து வருவேன். ஆபீஸில் ஒரு விசில் கொடுத்தார்கள். படகு கொடுக்கவில்லை. அதனால் நெல்சனின் படகில்தான் ரோந்து. பாறசாலைப் பக்கத்துக்காரர், நம் தமிழ் பேசுகிறவர், கூப்பிட்டால் வருவார்.

முதல் நாளே ஒரு படகை மடக்கி, லைசென்ஸை எடு என்றேன். படகுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. நெல்சனின் படகை முன்னும் பின்னும் ஒரு நோட்டம் விட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார்: "சார் வந்த வள்ளத்துக்கு லைசென்ஸ் உண்டா சாரே?"

இல்லை. போன வருஷமே முடிந்துவிட்டிருந்தது.

நனைந்த ஜாக்கெட்

ஒருநாள் சோதித்த எல்லாப் படகிலும் லைஃப் ஜாக்கெட் சரியாக இருந்தது. எனக்கே நம்ப முடியாத சந்தோஷம். நாலாவது படகில் ஒரு ஜாக்கெட்டைத் தூக்கினேன், தண்ணீர் சொட்டியது. வானத்தில் மேகமே இல்லை. காலர் கிழிந்து பச்சை நூலால் தைத்திருந்த அதே ஜாக்கெட்டை முதல் படகிலும் பார்த்திருந்தேன். நான் ஒரு படகை விட்டு இறங்கியதும், மூட்டையாகக் கட்டி அடுத்த படகுக்கு நீந்தியே கொண்டு சேர்த்திருக்கிறார்கள்.

கத்தினேன். படகுக்காரருக்கு என் கோபம்தான் புரியவில்லை. "சார் ஒரே நேரத்துல ரெண்டு வள்ளத்துல ஏற மாட்டீங்கல்லா? பின்ன எதுக்கு ரெண்டு செட்டு?"

கிழக்குக் கடவு

இங்கே ஆறு நேராகக் கடலில் விழாது. நடுவில் ஒரு மணல் திட்டு மறித்து நிற்கும், அதுதான் பொழி. மழையில் தண்ணீர் ஏறி வீடுகளுக்குள் வந்தால் அந்தத் திட்டை வெட்டிவிடுவார்கள். ஆறு மொத்தமும் கடலுக்குப் பாயும். அந்தப் பக்கம் கட்டியிருப்பதெல்லாம் கூடவே போகும். அதனால் மழைக்காலத்தில் கிழக்குக் கடவு என்கிற படகுத்துறையில் மட்டும்தான் கட்ட வேண்டும்.

நெல்சன் பொழிப் பக்கம் சாய்ந்த தென்னையில்தான் கட்டுவார். அந்தப் படகை விட்டால் அவர் வீட்டில் அடுப்பெரிய வேறு வழி கிடையாது. அதற்காகத்தான் தினமும் தொண்டை வற்றச் சொன்னேன். கடைசியில் அவர் மனைவி ரோஸ்லியிடம் முறையிட்டேன். அவர் மீன் கழுவிக்கொண்டே, "டூரிஸ்டெல்லாம் பொழிகிட்டதான் வருவாங்க. கிழக்க கெட்டுனா கொக்குதான் ஏறும் சாரே" என்றார்.

பொழி வெட்டிய சாயங்காலம்

அந்த ஜூனில் விடாமல் பெய்தது. சாயங்காலம் பொழியை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் விசில் ஊதி ஊதி எல்லாப் படகையும் கிழக்கே விரட்டினேன். தென்னையில் ஒன்றே ஒன்று நின்றது. நெல்சன் தன் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பினேன். அவரும் ரோஸ்லியும் ஓடிவந்து சேர்வதற்குள் திட்டு உடைந்துவிட்டது.

எஞ்சின் கிளம்பவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று பேரும் கயிற்றை இழுத்தோம். ஆறு எதிர்ப்பக்கம் இழுத்தது. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. எனக்கு நீச்சல் தெரியாது, உயிர்ப்பயம் வந்துவிட்டது. "விட்டுத் தொலையும் வே!" என்று அலறினேன். நெல்சன் அழுதுகொண்டே சொன்னார்: "இது போனா நாங்க மூணு நேரமும் பட்டினியாக்கும் சாரே, விட்டுராதீங்க!"

விடவில்லை. எப்படியோ ஒவ்வொரு மரமாகச் சுற்றிக் கட்டிக் கட்டி, கிழக்குக் கடவுக்குக் கொண்டு சேர்த்துவிட்டோம். ரோஸ்லி தன் முந்தானையைக் கிழித்து என் கையில் கட்டினார்.

தண்ணீர் வடிந்த பிறகு

மூன்றாம் நாள் கைக்கட்டோடு போனேன். அதே தென்னை. அதே படகு. விசில் ஊதக்கூடத் தெம்பில்லாமல் நின்றேன். நெல்சன் என் கையைப் பிடித்துப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "பொழிதான் முறிஞ்சாச்சே சாரே. இனி அடுத்த வருஷம் பேசுனா மதி, அது போதும்."

கட்டுப்போட்ட கையால் அவருக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிட்டு, அக்கரையில் இருப்பவர்களையும் கண்டிக்க வேண்டுமே என்று அவர் படகிலேயே ஏறி உட்கார்ந்தேன்.